சாமிக்குப் பின்னால் இருந்த புலி

எங்கள் லயத்துக் காம்பராவின் சுவரில் ஒரு முருகன் இருந்தார். பத்திரிகைத் தாளில் அச்சடித்த கறுப்பு வெள்ளை முருகன். ஐம்பது வருஷ விளக்குப் புகையில் வேலும் மயிலும் பால் ஊற்றாத தேநீரான சாயத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டன. அந்த முருகனுக்குப் பின்னால், அதே தாளின் மறுபக்கத்தில், ஒரு புலி இருப்பதாக எங்கப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அதை நம்பியவர்கள் யாரும் கிடையாது. நானும் நம்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நல்ல மகள் வேஷம் போட்டதாக யாரும் பேசக் கூடாது.

லயம் என்றால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலையாட்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள், எங்கள் பேச்சில் காம்பராக்கள். லிந்துலைக் குளிருக்கு அந்தச் சுவர்கள் எந்த மூலைக்கு? விரிசலில் விரலை வைத்தால் வெளிக்காற்று கடிக்கும். அதனால் தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்கு வீடு கோதுமை மாவில் பசை காய்ச்சி, சுவர் முழுக்கப் பழைய பேப்பர் ஒட்டுவார்கள். போன வருஷத்துத் தாளை உரிப்பதில்லை, அதன் மேலேயே ஒட்டுவதுதான் வழக்கம். எங்கள் வீட்டுக்கு அப்பாவின் கூட்டாளி ஒருவர் பேப்பர் கொடுப்பார். ஹட்டனில் அச்சாகி மாதத்துக்கு இரண்டு தடவை வந்த நாலு பக்கப் பத்திரிகை அது. நின்றுபோய் எத்தனையோ காலமாகிறது. கூட்டாளி ஐந்தாவது வரை படித்தவர். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் படிக்க அப்பா கேட்பார், படித்து முடித்த பேப்பர் எங்கள் பெட்டிக்கு வந்துவிடும்.

புலிக் கதை இதுதான். அப்பாவுக்குக் கல்யாணம் ஆகாத காலம். காலைப் பெரட்டு, அதாவது வேலைக்குப் போகும் முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை தலை எண்ணும் நேரம். நீட்டிய கை தெரியாத பனி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் நாற்பது பேர் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள், அப்பா கடைசி ஆள். கணக்கப்பிள்ளை எண்ணினார், நாற்பத்தொன்று வந்தது. திரும்ப எண்ணினார், மறுபடியும் நாற்பத்தொன்று. அப்பாவின் காலோரத்தில் ஏதோ கதகதப்பாக இருந்ததாம். தோட்டத்துத் துரை வீட்டு நாய்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து, காலால் அதன் முதுகைச் சொறிந்துவிட்டுக்கொண்டே நின்றாராம். பனி விலகிப் பார்த்தால் சிறுத்தை. எங்கள் பேச்சில் சிறுத்தையும் புலிதான். முப்பத்தொன்பது பேரும் கணக்கப்பிள்ளையும் ஓடிவிட்டார்கள். அப்பாவுக்குக் கால் எழும்பவில்லை. புலி ஒரு கொட்டாவி விட்டு, எழுந்து, தண்ணீர் ஓடும் கான் வழியாகத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது.

“பேப்பர்ல வந்துச்சு, என் பேரு போட்டு வந்துச்சு” என்பார் அப்பா, ஒவ்வொரு தடவையும். கூட்டாளிதான் அதையும் படித்துக் காட்டினாராம். அந்தப் பேப்பரை அப்பா தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார்.

அப்புறம் அம்மா வந்தார். நான் வயிற்றில் இருந்தபோது ஒரு குளிர்காலம் அம்மாவைப் படுத்தி எடுத்திருக்கிறது. அப்பா மலையில் வேலையாக இருந்த நேரம் பார்த்துப் பசை காய்ச்சி, பெட்டியில் கிடைத்த பேப்பரையெல்லாம் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிவிட்டார். புலித் தாளின் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் தைப்பூசத்துக்குப் போட்ட முழுப்பக்க முருகன். அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார். “சாமி மொகத்தச் செவத்துப் பக்கம் திருப்பி ஒட்டுவாளா ஒருத்தி?” என்று இன்றைக்கும் கேட்கிறார். சாயங்காலம் அப்பா வந்து பார்க்கும்போது முருகனுக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு வைத்த சாமியை எந்தப் புருஷன் பிய்த்து எடுப்பான்? அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுச் சாமி மூலை. மற்ற இடத்தில் வருஷா வருஷம் தாள் ஏறிக்கொண்டே போக, முருகனை மட்டும் யாரும் மூடவில்லை. அவர் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டார்.

பார்த்த முப்பத்தொன்பது பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். தோட்டத்து ஆட்களை அரசாங்கம் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் அவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், கூட்டாளி உட்பட. மிச்சப் பேர் வேறு தோட்டங்களுக்குப் போனார்கள், இறந்தும் போனார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அப்பா வெறும் புலிக்காரர். “எங்கண்ணே பேப்பரு?” “சாமிக்குப் பின்னாடி.” “அடேயப்பா, நல்ல எடம் பாத்துத்தான் ஒளிச்சிருக்கீங்க!” இதைச் சொல்லிச் சிரிக்காத வீடு எங்கள் லயத்தில் இல்லை. வட்டகொடையில் நான் வாழ்க்கைப்பட்ட பிறகும் தீரவில்லை. நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும், என் வீட்டுக்காரர், “புலியா?” என்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், கோயில் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் அப்பா புலிக் கதையை ஆரம்பித்தார். என் பள்ளிக்கூடத் தோழிகள் பக்கத்தில் இருந்தார்கள். எனக்கு மானம் போயிற்று. “சும்மா பொய் சொல்லாதீங்கப்பா” என்றேன், எல்லார் முன்னாலும். அப்பா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு நான் இருக்கும் இடத்தில் அவர் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. பொய்யைப் பொய் என்று சொன்னதற்கு யார் மன்னிப்புக் கேட்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் எங்கள் லயத்து ஆட்களுக்குத் தனி வீடு கிடைத்தது. திங்கட்கிழமை லயத்தை இடிக்க ஆள் வருவதாகத் தகவல். சனிக்கிழமை நானும் கொழும்பில் வேலை செய்யும் தம்பியும் சாமான் கட்டப் போனோம். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நாற்காலியைச் சாமி மூலைக்கு எதிரே போடச் சொல்லி உட்கார்ந்தார். “அந்தத் தாள எடுத்துப் பாத்துருங்க. இடிச்சுட்டா அப்புறம் யாருகிட்ட நான் காட்டுறது?” என்றார். அம்மா விடவில்லை. “சாமி கிழிஞ்சுதுன்னா ஒருத்தரும் அந்தப் புது வீட்டுப் படி ஏறக் கூடாது, சொல்லிட்டேன்.”

சரி, முதலில் பக்கத்துச் சுவரில் உரித்துப் பழகலாம் என்றான் தம்பி. கேத்தலில் தண்ணீர் சுட வைத்து, துணியை நனைத்து ஒற்றி, மெதுவாக உரித்தோம். மேல் தாள்கள் வந்ததும் அந்த ஹட்டன் பத்திரிகை அடுக்கடுக்காக வெளியே வந்தது. பழகவா செய்தோம்? உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டோம்.

ஒரு செய்தி: தலவாக்கலையில் ஒரு கோழி பக்கத்து வீட்டு அம்மாளின் காதுத் தோட்டை விழுங்கிவிட்டது. வழக்கு தோட்டத் தலைவரிடம் போக, தோடு வெளியே வரும்வரை கோழி அவர் காவலில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. காவலில் இருந்த கோழி முட்டை இட்டுவிட்டது. ‘முட்டை எவருக்குரியது என்பது குறித்து இரு தரப்பினரும் மீண்டும் தலைவரை அணுகியுள்ளனர். தோடு இன்னும் கிடைக்கவில்லை.’ அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

இன்னொன்று: பனியில் வழி தவறிய கல்யாணக் கூட்டம் ஒன்று வட்டகொடைப் பக்கம் பெண் பெரியவளான சடங்கு நடந்துகொண்டிருந்த வேறு வீட்டுக்குள் நுழைந்து, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரை சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டது. ‘மாப்பிள்ளை எங்கே என வினவிய பின்னரே உண்மை வெளியாயிற்று. இரு வீட்டாரும் இப்போது உறவினராகப் பழகி வருகின்றனர்.’ அதற்குக் கீழே சின்னதாக ஒரு திருத்தம்: ‘சென்ற இதழில் காலமானதாக நாம் அறிவித்திருந்த பெரியவர் நேரில் வந்து மறுத்தார். அவரது நடையைப் பார்க்கையில் மறுப்பு உண்மையென்றே தோன்றுகிறது.’

தம்பி தரையில் உருண்டான். நானும் சிரித்தேன்தான், ஆனால் சிரிக்கச் சிரிக்க உடம்பு சிலிர்த்தது. நான் பிறந்து, தவழ்ந்து, காய்ச்சலில் கிடந்து, பெரியவளான சுவர் அது. என் முதுகை ஒட்டி ஒரு கோழி காவலில் இருந்திருக்கிறது, செத்த மனிதர் எழுந்து நடந்திருக்கிறார், ஒரு கல்யாணமே பனிக்குள் வழி தவறிப் போயிருக்கிறது! இத்தனை பேரும் இந்தக் காம்பராவுக்குள் எங்களோடு குளிர் காய்ந்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியவே இல்லை. இதெல்லாம் நடந்த ஊரில் ஒரு புலி பெரட்டுக்கு வரக் கூடாதா என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, முருகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முருகனுக்கு வெந்நீர்த் துணியை அம்மாவே ஒற்றினார், அபிஷேகம் மாதிரி, முணுமுணுத்துக்கொண்டே. நானும் தம்பியும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்தோம். மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. எப்படியோ, கிரீடம் முதல் பாதம் வரை ஒரு கிழிசல் இல்லாமல் முருகன் கழன்று வந்தார். அம்மா அவரை வாங்கி ஈரத்தோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டார்.

“திருப்பு, திருப்பு” என்றார் அப்பா.

திருப்பினோம். தாளின் பின்பக்கம் வெறும் வெள்ளை. பஞ்சு பஞ்சாக இருந்தது, ஓர் எழுத்துகூட இல்லை. அப்பா வாங்கித் தடவிப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, எழுத்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாதா? “இருந்துச்சே” என்றார். “இதுலதான் இருந்துச்சு, சாமி சத்தியமா.” தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குத் தாங்கவில்லை. அப்பா பொய் சொன்னார் என்பதால் இல்லை. ஐம்பது வருஷமாக அவரிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு தாள்தான், அதை நாங்களே உரித்து, இல்லை என்று ஆக்கிவிட்டோமே என்றுதான்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன்.

சுவரில் இருந்தது! முருகன் இருந்த இடத்தில், பழைய சுண்ணாம்பின் மேல், பத்தி பத்தியாக எழுத்து. பசை மையையெல்லாம் இழுத்துச் சுவரில் ஒட்டிவைத்திருந்தது. எல்லாம் இடம் வலம் மாறி, திரும்பி நின்றன. “ஐயோ, அப்பா! இருக்குப்பா! செவத்துல இருக்குப்பா!” என்று கத்தினேன். தம்பி ஓடிப்போய், கட்டி வைத்த சாமானைப் பிரித்து, அப்பா சவரம் செய்யும் கண்ணாடியை எடுத்துவந்தான். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியைத் தோளுக்கு மேல் பிடித்தேன். எழுத்துகள் நேராயின. ‘பெரட்டில் புலி!’ என்று தலைப்பு.

சத்தமாகப் படித்தேன். ‘...சிறுத்தைப் புலியொன்று தொழிலாளர் வரிசையின் இறுதியில் வந்து அமர்ந்து, ஒழுங்கு சிறிதும் குலையாமல் இருந்தமை அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. இருமுறை எண்ணியும் ஒரு தலை மிகுதியாகவே வந்தது. பனி விலகியதும் கணக்கப்பிள்ளை அவர்கள் அருகிலிருந்த மரத்தின் மீதேறி நிலைமையை ஆராய்ந்தார்கள். வேலைக்கு வந்த புலிக்கு அரைநாள் சம்பளமாவது போட்டிருக்கலாமே எனத் துரை அவர்கள் நகைச்சுவையாகக் கூறினார்கள்.’ அம்மா முருகனைத் திரும்ப வாங்கி அணைத்தபடியே வாயைப் பிளந்து நின்றார். தம்பி சுவருக்கு முன்னால் கும்பிடாத குறை.

அழுதுகொண்டே, “அப்பா, அன்னைக்கு நான் உங்கள அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா” என்றேன்.

“அது கெடக்கட்டும். மேல படி தாயி. என் பேரு வரும்.”

படித்தேன். துரையின் பேர் முழுசாக இருந்தது. கணக்கப்பிள்ளையின் பேருக்கு முன்னால் ‘திருவாளர்’ இருந்தது. துரை வீட்டு நாயின் பேர்கூட இருந்தது. அதற்கடுத்த வரி, ‘அருகில் நின்ற கூலியாள் ஒருவர் அதனை நாயென எண்ணிக் காலால் சொறிந்துகொண்டிருந்தாராம்.’ அவ்வளவுதான், செய்தி முடிந்துவிட்டது. கூலியாள் ஒருவர். கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன், கீழே வேறு ஏதோ விளம்பரம்.

நிமிர்ந்தேன். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘அருகில் நின்ற திருவாளர்’” என்று படித்து, அப்பாவின் பேரை, தாத்தா பேரோடு சேர்த்து, முழுசாகச் சொன்னேன். “‘அதனை நாயென எண்ணிக் காலால் சொறிந்துகொண்டிருந்தார்.’”

அப்பா சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என் கூட்டாளியும் இப்படித்தான் படிச்சான் தாயி” என்றார். “என் பேரு வர்ற எடத்துல செத்த நேரம் நின்னு, என் மொகத்தப் பாத்துட்டு, அப்புறமாத்தான் படிச்சான்.”