நடுவீட்டுக்கு நடந்து வந்த ஆமை

எங்கள் கிணற்றில் ஓர் ஆமை இருந்தது. புழு பூச்சியைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைக்கட்டும் என்று யாரோ எப்போதோ விட்டது. தாடிக்கொம்புப் பக்கம் பல கிணறுகளில் அப்படி ஒன்று உண்டு. கிணற்றில் கிடக்கும்வரை அதற்கு ராஜ மரியாதை. வீட்டுக்குள் காலை வைத்தாலோ குடும்பமே போச்சு என்பார்கள். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் கிணறு தூர் வாரினார்கள். சேற்றில் பதுங்கியிருந்த ஆமை மேல் கடப்பாரை பட்டு ஓடு பிளந்துவிட்டது. "பொழைக்காது, தூக்கி எறி" என்றார் அப்பா. நான் ஊரைக் கூட்டி அழுதேன். அப்பாவின் தங்கையான என் அத்தைதான் அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனாள்.

மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து நாள் தவறாமல் பூசினாள். புண் காய்ந்ததும் தேன்மெழுகை இளக்கி விரிசலை அடைத்தாள். சாயங்காலம் கல்தொட்டியில் அதைச் சற்று நேரம் நீந்த விடுவோம். வேப்பம்பூ உதிர்ந்து மிதக்கும். ஆமை கழுத்தை நீட்டி அத்தையைப் பார்க்கும். அத்தை சிறுமலை நீலமாவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று பேரும் பேசவே மாட்டோம். அவ்வளவு சுகமாக அப்புறம் நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

அந்தச் சமயம் நத்தத்திலிருந்து அத்தைக்கு ஒரு வரன் வந்தது. மாந்தோப்புக்காரர், மனைவியை இழந்தவர். அப்பாவைவிட மூத்தவர் என்று அம்மாவே முணுமுணுத்தாள். அப்பா கேட்கவில்லை. அத்தையின் கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டேன். "வெங்காயம் உரிச்சேன்டி" என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பழைய சோறும் ஊறுகாயும்தான்.

பெண் பார்க்க வரும் நாளில் அம்மா ஆமையைக் கூடையால் மூடி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். "இது மட்டும் வாரவுக கண்ணுல பட்டுச்சு, அம்புட்டுத்தான். ஒங்கப்பா கொன்னே போட்ருவாரு" என்றாள்.

வந்தவர்கள் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தபோது, அடுக்களை நிலைப்படி தாண்டி, மஞ்சள் முதுகோடு, நிதானமாக நடுவீட்டுக்கு நடந்து வந்தது எங்கள் ஆமை.

"அடியாத்தீ!" என்று மாப்பிள்ளையின் அக்கா துள்ளி எழுந்தாள். "நல்ல காரியம் பேச வந்த எடத்துல இதென்ன சகுனம்? எந்திரி தம்பி, போவோம்!"

வில்வண்டி பூட்டும்வரைகூட உள்ளே நிற்கவில்லை. அப்பா ஆமையைத் தூக்கினார். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அலறினேன். அத்தை வந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "புண்ணு ஆறிருச்சுண்ணே. கெணத்துலயே விட்டுர்றேன்" என்றாள். அப்பா அவளையே ஒரு கணம் பார்த்துவிட்டு, துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

நான் கொட்டகைக்கு ஓடினேன். கூடை நிமிர்ந்து கிடந்தது. குழவி சுவரோரம், உருண்டுவிடாதபடி பாந்தமாகச் சாய்ந்திருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அம்மா மூச்சு வாங்கத் தூக்கிய குழவி!

பள்ளிக்கூடம் திறந்ததும் அந்த ஆமையின் பலத்தை வகுப்பு முழுக்கச் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. விடுவேனா, எல்லாரையும் அத்தையிடம் கூட்டிவந்தேன். "கொழவி நகந்தத எங்கண்ணால பாத்தேன்டி" என்று அவள் கூசாமல் சத்தியம் செய்தாள். அத்தை பொய்ச் சத்தியம் செய்கிறவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். பெருமை தாங்காமல் அவர்களைப் பார்த்து முகத்தை வெட்டினேன்.