வெறுந்தரையில் விழுந்த சதுரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டாசுக் கம்பெனிக்கு லீவு. மல்லாங்கிணற்றில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்.

அக்காவிடம் முப்பது செம்மறிகள். வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் முளைத்த புல்தான் அவற்றுக்குச் சாப்பாடு. மழை வரும்வரை அது தாங்குமா? தாங்காது என்றால், ஆடுகள் மெலிவதற்குள் கொஞ்சத்தை விற்றுவிட வேண்டும். வியாபாரி அன்று சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

நல்லவேளை... கால்நடைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் புல்லை அளக்க வந்திருந்தாள்.

அவ்வளவு பெரிய கண்மாயை எப்படி அளப்பது? நானும் இதைத்தான் கேட்டேன், பிள்ளைகளா. அவள் ஓர் இரும்புச் சதுரத்தைக் காட்டினாள். திரும்பி நின்று, பார்க்காமல், முதுகுப் பக்கமாக எறிய வேண்டும். விழுந்த இடத்தில், சதுரத்துக்குள் இருக்கும் புல்லை மட்டும் ஒட்ட அறுத்து நிறுக்க வேண்டும். இப்படிப் பத்து இடம். அதை வைத்து மொத்தக் கண்மாய்க்கும் கணக்குப் போட்டுவிடலாம்.

எறிகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்று முறை வெறும் மண்ணில் விழுந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. ஊருக்கு வந்த பிள்ளைக்கு வெறுந்தரையையா காட்டுவது? மூன்று முறையும், புல் போடும் பையில் அவள் நம்பர் எழுதக் குனிந்த நேரம் பார்த்து, சதுரத்தைக் காலால் புல் பக்கம் தள்ளிவிட்டேன்.

எல்லாவற்றையும் நிறுத்து, புல்லில் இருக்கும் ஈரத்தின் எடையைக் கழித்து, செல்போனில் பெருக்கிப் பார்த்தாள். "மழை வரைக்கும் தாங்கும்க்கா."

அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஏ தாயி, ஒன் வாயில சீனியப் போடணும். ஏவாரிய வர வேண்டாம்னு சொல்லிர்றேன்!"

அக்கா போனைக் கையில் எடுப்பதற்குள் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "வெறுந்தரையும் கண்மாய்தானண்ணே. புல்லு இல்லைன்னா பூஜ்யம்னு எழுதணும்."

அக்கா விடுவாளா? "ஏலே, அம்புட்டுப் புல்லையும் ஒங் காலாலயே மொளைக்க வச்சிட்டியோ? நாளைலருந்து ஆட்ட ஒம் பின்னாலயே பத்தி விடுதேன், மேய்ச்சுக்கோ!"

அந்த மூன்று இடத்துக்கும் பூஜ்யம் போட்டு மறுபடி கணக்கு. இருபது ஆடுகளுக்குத்தான் காணும்.

சாயங்காலம் பத்து ஆடுகள் வண்டி ஏறின. ஒவ்வொன்றின் முதுகையும் தடவி அனுப்பினாள் அக்கா.

முந்தாநாள்தான் அங்கே நல்ல மழை. அதுவரை இருபதும் மெலியாமல் நின்றன. கண்மாயில் மிச்சம் ஒரு பிடிப் புல்தானாம்.

நல்ல இடமாகப் பார்த்து நான் அளந்தது என் ஆசையைத்தான். ஆசையை ஆடு மேயாது, பிள்ளைகளா!