மங்கையற்கரசியின் பிஸ்ரலுக்கு ஒரு ஸ்பிரிங்

மங்கையற்கரசி அக்கா கிழமை நாட்களில் ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் பிழிகிறவர். ஞாயிறு வந்தால் பூட்டுப் பெட்டியோடு ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு அங்காலே இருக்கிற எங்கள் சுடும் கிளப்பில் வந்து இறங்குவார். பெட்டிக்குள் பிஸ்ரல், கைத்துப்பாக்கி. தாளில் போட்ட வட்டத்தைப் பார்த்துச் சுடுவார், அவ்வளவுதான். உனக்கேன் உந்த வேலை என்று கேட்கிறவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்: "சத்தம் கேட்டு ஓடின காலம் போதும். இப்ப நான் விரலை அமத்தினால்தான் சத்தம்."

போன பனிக்காலத்தில் வலது மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. இடியப்ப உரல் பார்த்த வேலை. ஒவ்வொரு வெடிக்கும் பிஸ்ரல் மேலே துள்ள, கைக்குள் ஊசி குத்தியது. வெடிமருந்து குறைந்த தோட்டாவுக்கு மாறினார். அது காணாது, வலி நிற்கவில்லை. வேறு பிஸ்ரல் வாங்கவும் வழியில்லை. கைத்துப்பாக்கி வாங்கல் விற்றலை அரசாங்கம் நிறுத்தி வருசக்கணக்காகிறது.

"வசந்தகாலப் போட்டியில சுட்டுப் பார்ப்பன். ஏலாட்டி சுடுறதையே விட்டிடுவன், தம்பி," என்றார்.

"ஸ்பிரிங்கை மாத்திப் பாருங்கோ அக்கா," என்றேன்.

சுட்டதும் பிஸ்ரலின் மேல்பாகம் பின்னுக்குப் போகும். அதைத் திரும்ப முன்னுக்குத் தள்ளுவது இந்த ஸ்பிரிங். அது ஒரு கம்பியில் கோத்திருக்கும். அக்காவின் பிஸ்ரலில் அந்தக் கம்பி பிளாஸ்ரிக். இரும்புக் கம்பி போட்டால் முன்பக்கம் பாரம் கூடி, துள்ளல் குறையும்.

அவருடைய கணவர் ஜெயரட்ணம் அண்ணை அன்றைக்கே இரண்டுக்கும் ஓடர் போட்டுவிட்டார். அவர் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் ஜக்கெற்றும் ஒரு சைஸ் கூட்டியே வாங்கிப் பழகியவர். அகதியாக வந்த எங்கள் வீடுகளில் பாதி இப்படித்தான், வளர்ந்தாலும் போடலாமே. ஸ்பிரிங்கிலும் இருந்ததிலேயே இறுக்கமானதை எடுத்திருந்தார்.

சாமான் வந்த ஞாயிறு கிளப்பில் இரண்டையும் பூட்டி, அக்கா மேல்பாகத்தை இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து ஒன்று சுட்டார். தோட்டாவின் வெறுங்கோது வெளியே தெறிக்காமல் இடையில் செருகிக்கொண்டு நின்றது. அடுத்ததும் அப்படியே. மருந்து குறைந்த தோட்டாவுக்கு அந்த ஸ்பிரிங்கை அமுக்கப் பலம் எங்கே?

"இது பிஸ்ரலுக்கோ, லொறிக்கோ?" என்றார் அக்கா.

"கூடினது நல்லதெண்டு உனக்காகத்தான்..." என்றார் அண்ணை.

"நான் இனி வளரப்போறனே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. கையை உதறிக்கொண்டு பெட்டியைப் பூட்டினார். "இதோட காணும்."

காருக்குப் போகிற வழியில் அண்ணை நின்றுவிட்டார். "பிழை என்ரதுதான். இந்தமுறை நீ சொல்லு. சொன்னதை மட்டும் எடுக்கிறன்."

அக்கா யோசித்தார். "கம்பி இருக்கட்டும், அது நல்லம். ஸ்பிரிங் கொம்பனிக்காரன் போட்டதிலும் இளகினது ரெண்டு எடுங்கோ. ஒண்டு கொஞ்சம் இளகினது, மற்றது நல்லா இளகினது."

அடுத்த ஞாயிறு நல்லாய் இளகினதை முதலில் போட்டார். இழுக்கச் சுகம், ஆனால் மேல்பாகம் இடைக்கிடை முழுக்க மூடாமல் நின்றது. கழற்றி மற்றதைப் போட்டார். கோதுகள் ஒன்றுவிடாமல் வலப்பக்கம் தெறித்தன. பிஸ்ரலும் துள்ளின கையோடு இலக்கிலேயே வந்து நின்றது. அக்கா அடுத்த தோட்டாப் பெட்டியை உடைத்தார்.

போட்டியன்று ஒருமுறைகூடச் சிக்கவில்லை. முதலாவதாக வரவில்லை, நடுவில்தான் நின்றார். பின்னேரம் சாமானை ஏற்றும்போது அண்ணை மெதுவாகக் கேட்டார்: "கை குத்தேல்லையே?"

"குத்துது. பொறுக்கலாம்."

"அப்ப வீட்ட போவமே?"

"காரில ஏறி இருங்கோ. இலையுதிர்காலப் போட்டிக்குப் பேர் குடுத்திட்டு வாறன்."