மச்சான் வாசிக்காத வரி

கோப்பெங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய கையால் ஈப்போவில் ஆறு லோரிகளுக்கு முதலாளி ஆனவன் நான். ஆங்கிலம் மட்டும் தெரியாது. கடிதம் வந்தால் என் மச்சான்தான் வாசித்துச் சொல்வான்.

எண்பதுகளில், உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு ஏதோ என்சைம் குறைவு என்றார்கள். மண்ணீரல் வீங்கிக்கொண்டே போனது. டாக்டர் அவள் தோலில் ஒரு துணுக்கு எடுத்து வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பதில் வந்தது. மச்சான் வாசித்துச் சொன்னான்.

“நல்ல ஜீன வைரஸ்ல ஏத்தி பாப்பாவோட செல்லுக்குள்ள விட்டாங்களாம். செல்லு இப்ப அந்த என்சைம செய்யுதுலா, மச்சான்!”

இரண்டு ஆடு வெட்டிக் கோப்பெங் தோட்டத்துக்கே விருந்து வைத்தேன். என் மகள் பிழைத்துவிட்டாள் என்று மார்தட்டினேன்.

மறுவாரம் அந்த மருந்தைக் கேட்டு டாக்டரிடம் போனேன்.

“கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லுதான் சரியாச்சு, அண்ணே. ஆளுக்குக் குடுக்க இன்னும் வழி இல்ல. கடைசி வரியில எழுதியிருக்காங்களே?”

வீட்டுக்கு வந்து மச்சானின் சட்டையைப் பிடித்தேன். மகள் குறுக்கே வந்தாள்.

“மாமாவ விடுங்கப்பா. நான்தான் முதல்ல படிச்சேன். அந்த வரிய வாசிக்க வேணாம்னு சொன்னதும் நான்தான். நீங்க தாங்க மாட்டீங்க.”

நோய் அவளுக்கு. தாங்காதவன் நான் என்று என் வீட்டிலேயே முடிவு செய்திருக்கிறார்கள்.

அவள் போய்ப் பல வருடமாகிறது. ஆங்கிலக் கடிதம் வந்தால் இப்போது பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுக்கிறேன். கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்கிறேன்.