மோட்டார் போட்டும் சூடேறாத தண்ணீர்

பிள்ளைகளா, சுடுதண்ணீர் மிஷின் கதையை நீங்கள் இருவரும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். கவனித்திருப்பீர்கள். சொல்வதில் பொய் இல்லை. பாதிதான் சொல்கிறீர்கள். மீதியை எழுதி வைத்துவிடுகிறேன். பெரியவளே, நடந்தது உன் பிரசவத்தின்போதுதான். தம்பியும் படிக்க வேண்டும் என்பதால் உன்னைப் பெரியவள் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பெரியவள் பிள்ளை பெற்று நம் வீட்டுக்கு வந்த புதிதில், உங்கள் அம்மா பின்பக்கம் சவுக்கு விறகு மூட்டித்தான் வெந்நீர் வைத்தாள். கீழ்புத்துப்பட்டிலிருந்து பேரனைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னா சம்பந்தி, ஊடு பூரா பொகையா இருக்குது? பச்சப் புள்ளைக்கு ஆவுமா? எங்க ஊட்ல சுவிச்ச போட்டா சுடுதண்ணி. பேசாம ரெண்டு பேரையும் இட்டுக்கினு போறேன்."

மூன்று மாதம் மகளும் பேரனும் நம்மோடு இருப்பார்கள் என்று, ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்து வைத்திருந்தேன். 'இட்டுக்கினு போறேன்' என்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நம்ம ஊட்லயும் மிஷின் வருதுங்க. ஆர்டர் குடுத்தாச்சு."

அப்போதுதான் உங்கள் அம்மாவுக்கே அது தெரியும். எனக்கும்தான்.

"அப்படியா? அடுத்த ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டு வர்றேன். தண்ணி எப்படி வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் புதுச்சேரிக்குப் போய் கேஸில் ஓடுகிற மிஷினை வாங்கி வந்தேன். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக் காய்ச்சுகிற சாமான் இல்லை. குழாயைத் திறந்ததும் உள்ளே நெருப்பு பற்றும்; ஓடுகிற தண்ணீர் ஓடும்போதே சூடாகி வரும். உள்ளே மாட்டினால் ஆளுக்கு மூச்சு முட்டும் என்று, கடையிலிருந்து வந்தவர் அதைக் குளியலறையின் வெளிச்சுவரில் மாட்டினார். குழாயைத் திறந்தோம். டக் டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது.

"அண்ணே, தண்ணி வேகம் பத்தல. டேங்க கொஞ்சம் ஏத்தி வச்சீங்கன்னா புடிச்சிக்கும்" என்றார்.

கொஞ்சம் என்றுதான் சொன்னார். என் காதில் வேகம் என்பது மட்டும் விழுந்தது. உப்பளத்தில் என்ஜின் ஓட்டி, கடல் கழியிலிருந்து பாத்திகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிறவன் நான். தண்ணீருக்கு வேகம் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அன்றைக்கே செங்கல் தூண் எழுப்பி டேங்க்கை மேலே ஏற்றினேன். நீல நெருப்பு குப்பென்று பிடித்தது. உங்கள் அம்மா கையை நீட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது சுடுதண்ணி இல்ல. வெயில்ல வச்ச தண்ணி."

பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு சிவக்க ஊற்ற வேண்டும் என்பது அவள் கணக்கு. நான் பேட்டரியை மாற்றினேன். மிஷினின் திருகைக் கடைசி வரை திருப்பினேன். சிலிண்டரில்தான் கோளாறு என்று அடுப்பிலிருந்த சிலிண்டரைக் கழற்றி இதில் மாட்டினேன். குழம்பு பாதியில் நின்றது. தண்ணீர் அப்படியேதான் இருந்தது. நம் மாப்பிள்ளை குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் பராமரிப்பு வேலை பார்க்கிறவர். வெள்ளைக்காரர்களுக்குச் சுடுதண்ணீர் வரவில்லை என்றால் ஓடுகிற ஆள் அவர்தான். ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் அவர் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று போடவில்லை. காரணம் அது மட்டும் இல்லை. மாமனார், அதுவும் என்ஜின் ஓட்டுகிறவன், தண்ணீர் விஷயத்தில் மாப்பிள்ளையிடம் போய்க் கேட்பதா?

டேங்க்கை ஏற்றியதும் நெருப்பு பிடித்தது அல்லவா? ஆகவே இன்னும் வேகம் கொடுத்தால் இன்னும் சுடும் என்று தீர்மானித்தேன். டேங்க்கிலிருந்து வருகிற குழாயை எடுத்துவிட்டுப் பெருத்த குழாய் போட்டேன். தண்ணீர் திமுதிமுவென்று வந்தது, முன்பிருந்ததைவிடக் குளிர்ச்சியாக. வேகம் இன்னும் போதவில்லை என்று நினைத்தேன். சனிக்கிழமை ஒரு சின்ன மோட்டாரும் வாங்கிச் சுவரோரம் பூட்டினேன். பெரியவள் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"ப்பா, தண்ணி அடிக்கிற அடியில முதுகு வலி போயிடுச்சு. சூடுதான் சுத்தமா இல்ல."

"மோட்டாரக் கழட்டிட்டு வெறவ எடுத்துட்டு வாங்க" என்றாள் உங்கள் அம்மா. "அந்தம்மா நாளைக்கு வந்து கூப்பிட்டாங்கன்னா அனுப்பி வச்சிடலாம். உங்க பேச்சக் கேட்டு புள்ள ஜுரம் வந்து படுக்கப் போவுது."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. பேரனுக்கு எடுத்த தொட்டில் துணியைக் கீழ்புத்துப்பட்டுக்குக் கொடுத்து அனுப்புவதா, வேண்டாமா என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது.

சம்பந்தியம்மா வந்தார். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய் மிஷினைப் பார்த்தார், மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். "போம்மா, குளிச்சிட்டு வா" என்று மருமகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவோரமே நின்றுகொண்டார். நான் மோட்டார் சுவிட்சைப் போட்டேன். அது உறுமியது. அடுத்த நொடி அடங்கியது. கரண்ட் போய்விட்டது.

நின்றுபோன மோட்டாரின் வயிற்றுக்குள் நுழைந்து எவ்வளவு தண்ணீர் வரும்? விரல் தடிமன் வரும். சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது உள்ளிருந்து ஒரு அலறல்.

"அம்மா! சுடுது! கொதிக்குது!"

சம்பந்தியம்மா உள்ளே புகுந்து குழாயடியில் கையை நீட்டினார். "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"கொதிக்கக் கொதிக்க வருது சம்பந்தி! பின்ன, மோட்டார் எல்லாம் வச்சிருக்கீங்க, வராம இருக்குமா? பச்சத் தண்ணி கலந்து ஊத்தச் சொல்லுங்க. இருக்கட்டும், மூணு மாசமும் இங்கியே இருக்கட்டும்."

நான் மோட்டாரைப் பார்த்தேன். அது செத்துக் கிடந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் உங்கள் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியில தண்ணிய நெறைய ஏத்தித் தொலைக்காதீங்கடா, வெயில்ல காயாதுன்னு அளத்துல தெனமும் கத்தறது யாருங்க?"

"நான்தான்."

"நெருப்புக்கு மட்டும் அது பொருந்தாதா?"

இதுவரைதான் நீங்கள் சொல்லிச் சிரிப்பது. அதன் பிறகு அவள் பேரனைத் தூங்க வைக்க உள்ளே போனாள். கரண்ட் வந்து மோட்டார் மறுபடியும் உறுமத் தொடங்கியது. நான் மட்டும் பின்பக்கம் போனேன். சுவிட்சை அணைத்து மோட்டாரின் ஒயரைப் பிடுங்கினேன். மோட்டாரைக் கழற்றவில்லை, சம்பந்தியம்மா அடுத்த தடவை வந்தால் தட்டிப் பார்ப்பார். விரல் தடிமனுக்கு மேல் தண்ணீர் வராதபடி, டேங்க்கிலிருந்து வருகிற குழாயின் வால்வை மெல்ல மெல்ல மூடி, குழாயடியில் கை வைத்துப் பார்த்தேன். உப்பில் வெடித்த விரலில் சுரீர் என்றது. அந்த இடத்திலேயே வால்வின் கைப்பிடியைக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன். நம் வீட்டில் வேகம் போதவில்லை என்று அதைத் திறந்துவிடுகிற ஆள் ஒருவன்தான்.