ஜிப் மட்டும்

கம்பெனி ஊரைவிட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு லாரிகள் வந்தன. தையல் மிஷின்களைப் போர்வையில் சுற்றி, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி ஏற்றினார்கள். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்த பெண்களில் என் சித்தியும் ஒருத்தி.

"நம்மள ஒரு நாளாவது இவ்வளவு பதமா நடத்தியிருக்கானுங்களாடி?" என்று பக்கத்தில் நின்றவள் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். லாரி திரும்பி மறைந்த பிறகு சித்தி அழுதாள் என்று அம்மா சொல்வாள். சித்தியைக் கேட்டால், கண்ணில் தூசி என்பாள்.

கம்பெனி போன இடம் ரயிலில் ஓர் இரவு தூரம். விருப்பமுள்ளவர்கள் வரலாம், விடுதி உண்டு, குழந்தைகளுக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். சித்திக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள் இருந்தாள். சித்தப்பா எப்போதோ கழன்றுகொண்டவர். மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறுவதா, இங்கேயே ஏதாவது வழி பார்ப்பதா என்று சித்தி வாரக்கணக்கில் தவித்தாள்.

"விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா.

"நீ பாத்துக்குவக்கா. நான் அவள பாக்க முடியாதே."

சித்தி பதினாறு வருஷம் கால்சட்டைக்கு ஜிப் வைத்தாள். வேறு எதுவும் செய்ததில்லை. அங்கே ஒருத்திக்கு ஒரு வேலைதான். பாக்கெட் தைப்பவள் காலமெல்லாம் பாக்கெட் தைப்பாள். இடுப்புப் பட்டி வைப்பவளுக்கு அதுவே ஆயுள் வேலை. துணி ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு நகர்ந்து நகர்ந்து வரிசையின் கடைசியில் பேன்ட்டாக இறங்கும். பெயர்களும் அப்படியே அமைந்தன. சித்தி ஜிப்பு. அவளுக்கு முன்னால் உட்கார்ந்தவள் பாக்கெட்டு, பின்னால் பெல்ட்டு. அப்புறம் சைடு, லூப்பு, காஜா. ஒருமுறை பாக்கெட்டை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனவர்கள், எந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்களாம்.

அந்தச் சமயத்தில்தான், வருமானம் குறைந்த பெண்களுக்கு இலவசத் தொழில்முனைவோர் பயிற்சி என்று தெருமுனையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நூலகத்தின் மேல்மாடியில் வகுப்பு. கடைசி நாளில் சொந்தமாக ஒரு பொருளைச் செய்து காட்டித் தேறுபவர்களுக்கு ஆளுக்கொரு தையல் மிஷின். அது கிடைத்தால் சித்தி ரயில் ஏற வேண்டாம். ஜிப்பு முதல் காஜா வரை ஆறு பேரும் சேர்ந்தார்கள்.

டீச்சர் சித்தியைவிட வயதில் சின்னவள். எல்லாரையும் அக்கா என்பாள். முதல் நாள் ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று "நான் ஒரு முதலாளி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பாக்கெட்டு எழுந்தாள், வாயைத் திறந்தாள், சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சிரிக்காம சொல்லுங்கக்கா."

"முடியல டீச்சர். முதலாளின்னதும் எங்க முதலாளி தொப்பை ஞாபகம் வந்துருச்சு."

சித்தி சொல்லிவிட்டாள். ஆனால் "நான் ஒரு முதலாளிங்க" என்று குனிந்து, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னாள். விலை சொல்லும்போது தரையைப் பார்க்கக் கூடாது, "ஏதோ பாத்துக் குடுங்க" என்ற பேச்சே கூடாது என்பதெல்லாம் வகுப்பில் பாடம். சித்தி அதை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். மகள் பின்னால் நின்று பேரம் பேசுவாள். பெரும்பாலும் மகள்தான் ஜெயித்தாள்.

என்ன தைக்கப்போகிறீர்கள் என்று டீச்சர் கேட்டபோது ஆறு பேரும் பேன்ட் என்றார்கள். பேன்ட் கம்பெனியில் இருந்தவர்களிடம் அதற்குமேல் என்ன கேட்பது? அவர்களுக்கும் பொய் சொன்ன நினைப்பு இல்லை. அத்தனை வருஷமும் பேன்ட்தானே தைத்தார்கள்!

பழைய கட்டிங் மாஸ்டரைப் பிடித்துத் துணியை வெட்டி வாங்கினார்கள். பயிற்சி அறையில் மிஷின்கள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. யாரும் திட்டம் போடவில்லை. அவரவர் போய் உட்கார்ந்தது பழைய இடத்தில். பக்கத்திலிருந்து வந்த துணியைக் கை தானாக வாங்கிக்கொண்டது. அன்று டீச்சர் வரவில்லை; ஒரே மத்தியானத்தில் ஆறு பேன்ட் முடிந்தது. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

தேர்வு நாளில் மற்ற பெண்கள் சணல் பையும் தலையணை உறையும் கொண்டுவந்திருந்தார்கள். மேஜையின் ஒரு பக்கம் முழுக்க ஒரே நீலத்தில், ஒரே அளவில் ஆறு பேன்ட். மதிப்பெண் போட வந்த பெரியவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது கடையில வாங்குனதா?"

"ரொம்ப நன்றி சார்" என்றாள் பாக்கெட்டு. கம்பெனியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அங்கே பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

பெரியவர் சித்தியைக் கைகாட்டினார். "இது நீங்களே தைச்சதாம்மா? அப்ப ஒரு பாக்கெட் வச்சுக் காட்டுங்க."

சித்தி மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். துணியைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். பிறகு தலையைத் தூக்கி, "பாக்கெட்டு இங்கதான் நிக்கிறா சார். கூப்பிடட்டுங்களா?" என்றாள்.

அறை முழுக்கச் சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா கத்துக் குடுத்திருப்பேனேக்கா. பேன்ட் தைக்கத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

"தெரியும்னுதான் நாங்களும் நெனச்சோம் டீச்சர்."

சேர்ந்து தைத்தவர்களுக்கு விதியில் இடமில்லை. ஆறு பேருக்கும் மிஷின் இல்லை என்று ஆகிவிட்டது. டீச்சர் மல்லுக்கட்டி ஒரே ஒரு மிஷினை வாங்கினாள்; அதுவும் ஒருத்தி பேரில்தான் தரமுடியும் என்றார்கள். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஜிப்பு பேர்ல எழுதுங்க. அவ வீடுதான் ரோட்டு மேல இருக்கு" என்றாள் பெல்ட்டு. பெல்ட்டின் வீடும் அதே ரோட்டில்தான் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

சித்தி வீட்டு முன்னறையில் மிஷின் வந்து உட்கார்ந்தது. கம்பெனியில் துணி நகரும். இங்கே ஆட்கள் நகர வேண்டியிருந்தது. ஒருத்தி எழுந்தால்தான் அடுத்தவள் உட்கார முடியும். சித்தியின் முறை வரும்போது ஊசிக்கு அடியிலிருக்கும் பாதத்தைக் கழற்றி ஜிப் பாதம் மாட்ட வேண்டும். எழுந்ததும் திரும்பக் கழற்ற வேண்டும். "பஸ்ல சீட்டு பிடிக்கிற மாதிரி இருக்குடி" என்றாள் லூப்பு. ஒரு வாரம் முழுக்க உழைத்து முடித்த பேன்ட்டைவிடக் கடைப் பேன்ட் மலிவாக இருந்தது. பாக்கெட்டும் லூப்பும் ரயில் ஏறினார்கள். மற்றவர்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள்.

சித்தி தனியாக ஒரு பேன்ட் தைத்துப் பார்த்தாள். ஒரு கால் முறுக்கிக்கொண்டது. "இது நேரா நடக்கறவங்களுக்கு இல்லம்மா, சந்துல திரும்பறவங்களுக்கு" என்றாள் மகள். அன்று சித்தி விடுதிக்கு என்னென்ன எடுத்துப்போவது என்று அம்மாவிடம் பேசியிருக்கிறாள்.

அந்த வாரம் டீச்சர் பார்க்க வந்தாள்.

"யாராவது தேடி வந்தாங்களாக்கா?"

"எங்க டீச்சர். பேன்ட்னு ஒருத்தரும் வரல. ஸ்கூல் பை கிழிஞ்சது, ஜாக்கெட் மூட மாட்டேங்குதுன்னு அக்கம்பக்கம் வந்து ஜிப் மாத்திட்டுப் போச்சு. அதெல்லாம் ஒரு கணக்கா?"

"அதுதான்க்கா கணக்கு! காசு வாங்கினீங்களா?"

சித்தி தரையைப் பார்த்தாள்.

மறுநாள் மகள் ஒரு அட்டையில் "ஜிப் மட்டும்" என்று எழுதி ஜன்னலில் கட்டினாள். பை, பெட்டி, கூடாரம், குளிர்கால ஜாக்கெட், ஒருமுறை ஒரு சோபா வரைக்கும் வந்தது. பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது. ரயில் டிக்கெட் வாங்க வேண்டியிருக்கவில்லை.

சில வருஷம் கழித்து நான் வெளிநாடுகள் சுற்றிவிட்டு ஊர் திரும்பியபோது, என் முதுகுப்பை மூன்று நாடுகளாக வாயை மூட மறுத்துக்கொண்டிருந்தது. சித்தி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் கண்ணைப் பார்த்து விலை சொன்னாள்.

"சித்தி, நான்தான்."

"தெரியுது. அதான் முன்கூட்டியே சொல்றேன்."

அவள் பாதி தைத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு குரல் செய்தி வந்தது. அனுப்பியது பாக்கெட்டு. ரயில் ஏறிய பிறகு அவளிடமிருந்து வந்த முதல் சேதி. சித்தி மிஷினை நிறுத்திவிட்டு, போனை மேஜைமேல் வைத்து, சத்தமாகப் போட்டாள்.

"ஏ ஜிப்பு, உம்பொண்ணு எப்படி இருக்கா? இங்க ஒரு கூத்து கேளு. ஜிப் வைக்கிற பொண்ணு வேலைய விட்டு நின்னுட்டா, என்னத் தூக்கி அந்த எடத்துல போட்டுட்டாங்க. இப்ப எல்லாரும் என்ன ஜிப்புன்னு கூப்பிடறாங்கடி. யாரையோ கூப்பிடறாங்கன்னு நான் திரும்பவே மாட்டேங்கறேன். திமிரு புடிச்சவன்னு பேர் வாங்கிட்டேன். அது கெடக்கட்டும். ஜிப்போட அந்த அடி வளைவுல எனக்கு ஊசி ஒடஞ்சுகிட்டே இருக்கு. நீ எப்படிடி அத திருப்புவ? கைய மட்டும் வீடியோ எடுத்து அனுப்பு. மூஞ்சிய காட்டாத. பாத்தா அங்க வரணும்னு தோணும்."