சம்மனசு இறங்கி வந்த வருஷம்

என் வாழ்க்கையில் நான் மோட்சத்தில் இருந்தது ஒரே ஒரு சாயங்காலம்தான். அங்கிருந்தும் யாரும் என்னைத் தள்ளவில்லை. நானாகத்தான் குதித்தேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் வந்தால் எங்கள் ஊரான சாரத்தில் கோயில் மைதானத்தில் ஆண்டவருடைய பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். நடிப்பவர்களில் பாதிப் பேர் மில் தொழிலாளிகள். சித்தப்பா சேசு. தாடி அவருக்குச் சொந்தத் தாடி. அம்மாவின் தம்பியான எங்கள் மாமா, அவரைச் சாட்டையால் அடிக்கிற சேவகன். அப்பா திரைக்குப் பின்னால் நோட்டை வைத்துக்கொண்டு வசனம் எடுத்துக்கொடுப்பவர். அந்த வருஷம் சம்மனசாக, அதாவது வானத்துத் தேவதூதனாக, நடிக்க வேண்டிய பெண்ணுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் உப்பிப்போனது. எதுவும் வராமலே உப்பிய கன்னம் உடைய எனக்கு வேஷம் கிடைத்தது.

மில்லின் கழிவுப் பஞ்சில் இறக்கை. மேடைக்குப் பின்னால் சவுக்குக் கழியில் ஒரு பரண், அதற்கு முன்னால் நீலத் துணி. அதுதான் மோட்சம். ஏறுவதற்கு ஏணி உண்டு, ஆனால் இருந்தது ஒரே ஏணி. சிலுவையிலிருந்து ஆண்டவரை இறக்க அது வேண்டும். அதனால் ஆரம்பத்திலேயே என்னை மேலே ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கடைசியில் அவர் உயிர்த்தெழும்போது நான் துணியை விலக்கி ஒரு வரி சொல்ல வேண்டும். அதுவரை சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காருவதற்கு என்னைத் தேர்ந்தெடுத்ததுதான் முதல் தப்பு.

ஒத்திகையிலேயே அப்பாவிடம் கேட்டேன்.

"ஏம்பா, கீழ சேசுவ போட்டு அடிக்கிறாங்க. சம்மனசு மேல குந்திகினு பாத்துகினே இருக்குமா?"

"நோட்டுல அப்படித்தான் இருக்கு."

"எறங்கி வந்து தடுத்தா?"

"தடுத்தா நாடகம் அங்கியே முடிஞ்சிடும். ஜனங்க வேர்க்கடலைய வாங்கிகினு வூட்டுக்குப் போயிடுவாங்க. வாய மூடிகினு குந்து."

இதைவிடத் தெளிவான பதிலை அதற்கப்புறம் படித்தவர்கள் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சாட்டை, மில் நூலில் திரித்தது. சிவப்புச் சாயத்தில் தோய்த்து அடித்தால் முதுகெல்லாம் ரத்தமாகத் தெரியும், வலி கொஞ்சமும் இருக்காது. ஒத்திகையில் சித்தப்பா, "கூசுது மச்சான்!" என்று சிரித்து ஆண்டவரின் மானத்தை வாங்குவார். நாடகத்தன்று சாட்டையைச் சாய டப்பாவில் ஊறப்போட்டு, பரணுக்குக் கீழே வைத்துவிட்டு ஏறினேன். மைதானம் நிறைந்துவிட்டது. சித்தி மட்டும் வரவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த கைக்குழந்தைக்குச் சளி, பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றார்கள்.

துணியின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவைத் தூணில் கட்டினார்கள். முதல் அடி விழுந்தது. "அம்மா!" என்றார். ஆகா, என்ன நடிப்பு என்று பூரித்தேன். பத்துப் பன்னிரண்டு அடிக்குள் முதுகு சிவந்துவிட்டது. நாம் ஊறவைத்த சாயம் அப்படி என்று பெருமையோடு கீழே குனிந்து பார்த்தேன். டப்பா அங்கேயே இருந்தது. சாட்டை அதற்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்தது.

மாமாவின் கையில் இருந்தது கிணற்றுத் தாம்புக்கயிறு. அவருடைய மை மீசை கண்ணீரில் கரைந்து மோவாயில் ஒழுகியது. முன்னால் இருந்த கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியவில்லை. மேலே இருப்பவருக்குத்தான் எல்லாம் தெரியும்.

"ப்பா! மாமா நெஜமாவே அடிக்கிறாரு!"

அப்பா நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கத்தாத. உன் சீன் இன்னும் வரல."

ஏணி இல்லை. நீலத் துணியைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். என் கனத்துக்கு மோட்சம் டர்ரென்று மேலிருந்து கீழ்வரை கிழிந்து, என்னைக் கொண்டுபோய் மாமாவின் தலையில் போட்டது. ஒரு இறக்கை பறந்து, தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த பிலாத்துவின் மடியில் விழுந்தது. நான் மாமாவின் கையைக் கடித்தேன். கயிறு விழும்வரை விடவில்லை.

மைதானமே எழுந்து நின்றது. விசில்! கைதட்டல்! முன்வரிசையில் ஒரு அம்மா, "வுடாத, நல்லா கடிடி அவன!" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறவே வந்துவிட்டார். ஆண்டவர் தப்பித்துவிட்டார் என்று சின்னப் பிள்ளைகள் குதித்தார்கள். அப்படியொரு கைதட்டலை அந்த நாடகம் அதற்கு முன்னும் பின்னும் வாங்கியதில்லை.

சந்தோஷப்படாதவர் ஒருவர்தான். தூணில் கட்டியிருந்த சித்தப்பா என் காதருகே கெஞ்சினார். "மேல போடி, கண்ணு. இன்னும் முடியல. போ."

அப்பா என்னை ஒரு கையால் அள்ளிக்கொண்டு போனார். அவமானத்தில் நோட்டில் இரண்டு பக்கத்தைத் தள்ளிவிட்டு நேராகச் சிலுவைப் பாதையைத் தொடங்கிவிட்டார். அடிக்கும் காட்சி அதோடு சரி. கடைசியில் ஒற்றை இறக்கையோடு தரையில் நின்றுகொண்டு என் வரியைச் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள்.

ஈஸ்டர் முடிந்த பத்தாம் நாள் குழந்தை இறந்துபோனது.

அடக்கம் முடிந்து வந்த அன்று சமையற்கட்டில் மாமா அம்மாவிடம் சொல்லி அழுதார். "சேசு வாங்குன முப்பத்தொம்பது அடியும் நெஜமா வாங்கறேன்னு மச்சான் புள்ளைக்காக நேர்ந்துகினாருக்கா. நீதான் அடிக்கணும்னு என் கையப் புடிச்சிகினு கேட்டாரு. பாதியில நின்னுபோச்சே." கதவுக்குப் பின்னால் இருந்த எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: கணக்கில் அடி குறைகிறது, அதற்குக் காரணம் நான்.

மறுநாள் சித்தப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். பயத்தில் நானே ஆரம்பித்தேன். "மீதி அடிய வேணா நான் வாங்கிக்கட்டுமா, சித்தப்பா?" நூல் சாட்டையால்தான் என்ற நிபந்தனையை மட்டும் மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் சைக்கிளை நிறுத்தினார். சிரித்தார். அவ்வளவு நாளில் முதல் சிரிப்பு. பிறகு என் தலையில் கையை வைத்துச் சொன்னார்:

"மேலேர்ந்து எறங்கி வந்தது நீ ஒருத்திதான்டி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன ஒரு பாராட்டு! ஒரு வாரம் தெருவெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன். அப்படியானால் அடுத்த வருஷமும் நான்தானே சம்மனசு என்று அங்கேயே கேட்டும் விட்டேன். அந்தப் பாராட்டைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கடலுக்கு மேலே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் ஏதாவது வருகிறதா என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன்.